உள்ளங்கையில் ருசி பார்த்த கறுப்புப் பியர்

நான் இன்றுவரை ஒரு முழுக் கிளாஸ் பியர் குடித்தது கிடையாது. ஆனாலும் பலேர்மோவில், மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் சில மாரிகாலம் ஓடிய கறுப்புப் பியரின் பக்குவம் என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், நாலு பேர் கூடின இடத்தில் கதவோரம் நிற்கிறவள், இவளுக்குக் குடிவகையில் என்ன கதை என்று கேட்டுவிடுவார்களோ என்று இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது வயது போய்விட்டது. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் குடியிருந்தோம். என் மனுசனுக்கு மொண்டெல்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் குசினியில், சமையலறையில், வேலை. எனக்குக் கடைக்குப் பக்கத்திலேயே இருந்த கடைக்காரருடைய தாயாரின் வீட்டில் கூட்டித் துடைக்கிற வேலையும் சமையலும். தாயாரை நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். மகனை எல்லோரும் பத்ரோனே, முதலாளி, என்பார்கள். நாற்பது வயது, கலியாணம் கட்டவில்லை. தாய் ஒரு பார்வை பார்த்தால் திரும்பிப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

மொண்டெல்லோ கோடையில்தான் உயிரோடு இருக்கும். புரட்டாதி கழிந்தால் குடைகளைச் சுருட்டி, கதிரைகளை அடுக்கி, கடையைப் பூட்டிவிடுவார்கள். மாரிக் குளிர் முழுக்கப் பூட்டு, பிறகு உயிர்த்த ஞாயிற்றுக்குத்தான் திறப்பு. ஒவ்வொரு வருடமும் அந்த மாதங்களில் என் மனுசன் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்வார், நாங்கள் எப்படியோ சமாளிப்போம். அந்த வருடம் சமாளிக்க ஏலாத வருடம். அவருடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் நாட்டில் இருக்கிறதுக்கான பத்திரம், மார்கழியில் முடிகிறது. புதுப்பிக்கப் போகும்போது கையில் நடப்பு வேலை ஒப்பந்தம் ஒன்று இருக்கவேண்டும். என் வேலைக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. என்னுடைய பத்திரமும் மகளுடைய பத்திரமும் அவருடையதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மாரிக்கு அவருக்கு வேலை வேண்டும். அந்தக் கோடை முழுக்க என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

பத்ரோனே இளவயதில் சில வருடம் இங்கிலாந்தில் மேசைக்குப் பரிமாறுகிற வேலை செய்தவர். அங்கே குடித்த ஒரு பியரைப் பற்றி ஓயாமல் கதைப்பார். கோப்பி மாதிரிக் கறுப்பாம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஆரஞ்சு என்கிற தோடம்பழத்தின் தோலும் பைன்மரத்துப் பிசினும் மணக்குமாம். குடித்து முடிய நாக்கின் அடியில் ஒரு நல்ல கசப்பு நிற்குமாம். பலேர்மோவில் அப்போது பியர் என்றால் மஞ்சளாக, பல்லுக் கூசுகிற குளிரில், தாகத்துக்கு விழுங்குகிற சாமான். கறுப்புப் பியர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அவருடைய எண்ணம் என்னவென்றால், கடையின் பின்னறையை மாரியிலும் திறந்து, அந்தப் பியரையும் அதற்கேற்ற சாப்பாட்டையும் வைப்பது. வீட்டில் காய்ச்சியதை விற்க முடியாது, அது அவருக்குத் தெரியும். வடக்கே சின்ன அளவில் பியர் காய்ச்சுகிற ஒருவர், பக்குவத்தைச் சரியாகக் கொண்டுவந்தால் தன் அண்டாவில் காய்ச்சி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே வேண்டியது பக்குவம். ஆனால் கடையில் பாதி தமையனாருடையது. தமையனார் வியா மக்வேதா என்கிற கடைத்தெருவில் சப்பாத்துக்கடை வைத்திருந்தவர், லேசில் எதற்கும் தலையாட்டாதவர். அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்:

“மாரியிலை மொண்டெல்லோவுக்கு நாயும் வராது. வேறை எங்கையும் கிடையாத ஒண்டைக் கொண்டுவந்து வை, பிறகு கதைப்பம். சீசன் முடியிற அண்டு சாப்பாட்டுக்கு வாறன். குடிச்சுப் பாத்துச் சொல்லுறன். சரியில்லையெண்டால் வழக்கம்போலை பூட்டு.”

பூட்டினால் என் மனுசனுக்கு ஒப்பந்தம் இல்லை. திறந்தால் குசினிக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் அவர்தான் என்று பத்ரோனே கையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

முதல் தடவை பத்ரோனே தானே காய்ச்சினார், சிஞ்ஞோரா வீட்டில், உடுப்புத் தோய்க்கிற அறையில். வடக்கிலிருந்து தபாலில் வந்த தகரப் பேணியைத் திறந்தால் உள்ளே முளைகட்டின பார்லியில் காய்ச்சின மோல்ட் பாணி, எங்களுடைய பனம்பாணி மாதிரியே தடிப்பாக, பளபளப்பாக. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, லுப்போலோ என்கிற காய்ந்த பச்சைப் பூவைப் போட்டு, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, மூடியுள்ள பெரிய வாளியில் ஊற்றி வைத்தார். மூடியில் ஒரு வளைந்த குழாய். உள்ளே புளிக்கும்போது அந்தக் குழாயால் குமிழ் குமிழாகக் காற்று வரும். வைகாசி மாதத்து வெயிலில் அந்த வாளி கொதித்துக்கொண்டு கிடந்தது. குமிழ் இரண்டு நாளில் ஓய்ந்துவிட்டது. போத்தலில் அடைத்து, பொறுத்திருந்து திறந்தால் மணமே வினாகிரி.

பத்ரோனே வாயைக் கொப்பளித்துத் துப்பினார். என் மனுசன் அப்போது கடைக்கு வெங்காயம் எடுக்க வந்து நின்றவர். அவருக்கு வாய் சும்மா இராது.

“பத்ரோனே, இதை என்ரை மனுசியிட்டை விடுங்கோ. அவ கள்ளு இறக்கிற தீவிலை பிறந்தவ. புளிக்கிற சாமானெல்லாம் அவவுக்குக் கைவந்தது.”

எனக்கு நிலம் பிளந்தால் இறங்கலாம் போலிருந்தது. “இஞ்சாருங்கோ, என்ன கதைக்கிறியள்? நான் எப்ப கள்ளு இறக்கினனான்?” என்று தமிழில் சொன்னேன்.

“இறக்கினனீர் எண்டு ஆர் சொன்னது? பிறந்தனீர் எண்டுதானே சொன்னனான்.”

பத்ரோனே என்னைப் பார்த்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை. “சரி, நீங்களே பாருங்கோ,” என்றார். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி, “அவள் சமைச்சு நான் ஒரு நாளும் துப்பினதில்லை. நீ சமைச்சு இப்பதான் எல்லாரும் துப்பினது,” என்றா.

கள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. பனையில் கட்டுகிற முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் வடிகிற பதநீர் புளிக்காது, இனிப்பாகவே இருக்கும். பூசாவிட்டால் கள்ளு. அன்று வீட்டுக்குப் போய் நானும் என் மனுசனும் யோசித்தோம். முதல் வாளி அளவுக்கு மிஞ்சிப் புளித்துவிட்டது. அப்படியானால் ஒரு மெல்லிய பூச்சுச் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு ஒரு அளவில் நிற்குமே. இரண்டு பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பல்லரோவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க்கடையில் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு வாங்கினேன். அடுத்த தடவை வாளியின் உட்பக்கம் முழுக்க விரலால் வடிவாகப் பூசிவிட்டுத்தான் ஊற்றினோம்.

குழாயில் குமிழே வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நான் துடைக்கிற துணியோடு போய்ப் போய்ப் பார்க்கிறேன், அது கோயில் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. கடைசியில் பத்ரோனே வந்து மூடியைத் திறந்து, நீளக் கரண்டியால் அடியைக் கிண்டி, வெள்ளையாக எடுத்தார்.

“இது என்ன?”

“சுண்ணாம்பு,” என்றேன்.

“வீட்டுச் சுவருக்கு அடிக்கிறதோ?”

“இல்லை, இல்லை. நாங்கள் வெத்திலையோடை வாயிலை போடுறது.”

சிஞ்ஞோரா நெற்றியில் சிலுவை போட்டா. “என்ரை குசினிச் சுவர் வெள்ளையடிச்சு எத்தனை வருசம். அதுக்காவது பூசியிருக்கலாம்.”

என் மனுசன் பின்னேரம் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் பேருந்தில் வீட்டுக்கு வரும்போது முழுக்கச் சிரித்தார். “நீர் பியரைப் பதநீராக்கிப் போட்டீர். இனிப் பனங்கட்டி காய்ச்சுவம்.” யோசனை இருவருடையது என்பது அவருக்கு அதற்குள் மறந்துவிட்டது. ஆனால் சிரித்து முடிந்ததும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஒரு தடவை காய்ச்சிப் போத்தலில் பழுக்கவிட்டுக் குடிக்கிற பதத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேலே பிடிக்கும். புரட்டாதிச் சாப்பாட்டுக்கு முன்னம் எத்தனை தரம் பிழைவிடலாம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பேருந்தில்தான் நான் முடிவெடுத்தேன். கள்ளை மறக்கவேண்டும். இது கொதிக்கவைக்கிற சாமான். கொதிக்கவைக்கிறது என்றால் கறி. கறி எனக்குத் தெரியும்.

ருசி பார்க்கிற விஷயத்தையும் சொல்லவேண்டும். நான் குடிக்கிறதில்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் குடிக்கிறதில்லை. கறிக்கு உப்புப் பார்க்கும்போது அகப்பையிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கைக் குழியில் விட்டு நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, அதேமாதிரி இதையும் பார்த்தேன். தொட்டு, மேல் அண்ணத்தில் ஒட்டவிட்டு, பிறகு தொட்டியில் துப்பிவிடுவேன். உள்ளங்கைச் சூட்டில் மணம் நன்றாக எழும்பும். பத்ரோனே கிளாசை விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்ப்பார். நான் கையை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பேன். சிஞ்ஞோரா இரண்டு பேரையும் பார்த்து, “ஒருத்தர் கண்ணாலை குடிக்கிறார், மற்றவ கையாலை குடிக்கிறா, வாயாலை குடிக்க நான்தான் மிச்சம்,” என்று சொல்லி ஒரு மிடறு வாங்கிக்கொள்ளுவா.

கறுப்பு நிறத்துக்குப் பத்ரோனே கேட்டு எழுதின கறுத்த மோல்ட் தபாலில் வந்து சேரவில்லை. ஆனால் சிஞ்ஞோராவுக்குக் கோப்பி ஆகாது, பார்லி வறுத்த தூளைத்தான் கோப்பி மாதிரிக் குடிப்பா. ஓர்சோ என்பார்கள். அந்த மணத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. சந்தையில் பார்லி வாங்கிவந்து, நானே வறுக்கிறேன் என்றேன். முதல் தரம் அவசரத்தில் நெருப்பைக் கூட்டிவிட்டேன். குசினி முழுக்கப் புகை. அள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினேன்.

“எடி பிள்ளை, என்னை உயிரோடை எரிக்கப் பாக்கிறியோ?”

“இல்லை சிஞ்ஞோரா, பார்லியைத்தான்.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்தது எனக்கே புதினம். அவ சிரித்துவிட்டா.

அடுத்த தரம் சின்ன நெருப்பில், மல்லி வறுக்கிறமாதிரி, கைவிடாமல் கிளறினேன். முதலில் பேக்கரியில் பாண் வேகிற மணம் வரும். பிறகு கோப்பி மணம். அதற்குப் பிறகு கரி. கோப்பி மணம் வந்து நிலைத்த உடனே இறக்கி, தட்டில் பரப்பி ஆறவிடவேண்டும், இல்லையென்றால் தாச்சியின் சூட்டிலேயே அது கரிக்குப் போய்விடும். பல்லில் வைத்துக் கடித்தால் படீரென்று உடைந்து, கசப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும். அந்தப் பதத்தை நான் பிடித்துவிட்டேன்.

பிடித்த பார்லியை இடித்து, பத்ரோனே சொன்னபடி பாணியோடும் பூவோடும் சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டோம். வாளியை இந்தத் தடவை வெயிலுக்கு விடவில்லை. தோய்க்கிற தொட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் இறக்கி, நனைத்த சாக்கால் சுற்றி, காலையும் பின்னேரமும் சாக்கில் தண்ணீர் தெளித்தேன். குழாய் ஒழுங்காக, ஆறுதலாகக் குமிழ் விட்டது. புளிக்கவில்லை. ஆனால் ருசி? கோப்பியின் கசப்பு ஒரு பக்கம், பூவின் கசப்பு மறுபக்கம், இரண்டும் தொண்டைக்குள் சண்டை பிடித்தன.

சிஞ்ஞோரா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசை வைத்தா. “ஒரே குசினிக்குள்ளை ரெண்டு மாமிமார்.”

பத்ரோனே கதிரையில் சாய்ந்து முகத்தைத் தேய்த்தார். “பூவைக் குறைப்பமோ? பார்லியைக் குறைப்பமோ?”

பூவைக் குறைத்தால் அவர் தேடுகிற மணம் போய்விடும். பார்லியைக் குறைத்தால் நிறம் போய்விடும். நான் உள்ளங்கையை இன்னொரு தரம் நக்கிப் பார்த்தேன். அளவு பிழையில்லை. போட்ட நேரம் பிழை. எங்களுடைய கறியில் மிளகாய்த்தூள் முன்னுக்குப் போகும். வறுத்த பெருஞ்சீரகத்தூளை யாராவது முன்னுக்குப் போட்டுக் கொதிக்கவிடுவார்களா? கறி இறக்கும்போது தூவி, மூடியைப் போட்டு, அடுப்பை நிறுத்திவிடுவோம். மணம் மூடிக்குள்ளே நிற்கும். முன்னுக்குப் போட்டால் மணம் ஆவியோடு வெளியே போய், கயர்ப்புத்தான் சட்டியில் மிஞ்சும்.

“ரெண்டையும் குறைக்க வேண்டாம்,” என்றேன். “பூவிலை கொஞ்சத்தை மட்டும் முன்னுக்குப் போடுவம். மிச்சம் முழுக்க அடுப்பை நூர்த்தாப் பிறகு. போட்டு உடனை மூடுவம். பார்லியைக் கொதிக்க விடக்கூடாது. பச்சைத் தண்ணியிலை ஊறப்போட்டு, வடிச்சு, அந்தக் கறுத்தத் தண்ணியைக் கடைசியிலை ஊத்துவம்.”

அவ்வளவு நீளமாக நான் இத்தாலியத்தில் ஒருநாளும் பேசினதில்லை. பாதி வார்த்தை பிழை, மீதிக்குக் கையைக் காட்டினேன். பத்ரோனே எழும்பி நின்றுவிட்டார். “அங்கை இங்கிலாந்திலையும் ஒருத்தர் குமிழ் நிண்டாப் பிறகு வாளிக்குள்ளை பூ போடுறதைக் கண்டனான். பைத்தியம் எண்டு நினைச்சன். அதையும் செய்வமே?”

“துணியிலை முடிஞ்சு போடுவம். இல்லாட்டி போத்தலுக்குள்ளை சருகு வரும்.”

அப்படித்தான் ஆவணியில் காய்ச்சினோம். பார்லியை ஊறவைத்து வடித்தபோது மையைப்போலக் கறுத்தத் தண்ணீர் வந்தது, தொட்டுப் பார்த்தால் கசப்பே இல்லை, கொக்கோ மாதிரி இருந்தது. அடுப்பை நிறுத்திப் பூவைக் கொட்டி மூடியதும் பத்ரோனே மூடியைத் திறந்து பார்க்கக் கை நீட்டினார். அவருடைய கையில் தட்டிவிட்டேன். முதலாளியின் கையில்! அவர் கோபிக்கவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குமிழ் ஓய்ந்தபிறகு வெள்ளைத் துணியில் பூவை முடிந்து வாளிக்குள் இறக்கினேன். ஒவ்வொரு போத்தலுக்கும் கொஞ்சம் சீனி போட்டு அடைத்தோம். முதல் போத்தலைத் திறந்த அன்று நான் உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோனேன். முதலில் தோடம்பழத் தோல் வந்தது. பிறகு பாண். கசப்பு எல்லோருக்கும் பின்னால் மெல்ல வந்து ஓரமாக இருந்தது. அண்ணத்தில் ஒட்டவிட்டு, வழக்கம்போலத் துப்பினேன்.

“சரி வந்திட்டுது,” என்றேன்.

பத்ரோனே ஒரே மூச்சில் குடித்து முடித்தார். தாயின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார், பிறகு வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

சீசன் முடிவுச் சாப்பாட்டன்று கடையில் வேறு ஆட்கள் இல்லை. தமையனாரும் மனைவியும், சிஞ்ஞோரா, பத்ரோனே, இவ்வளவு பேர்தான் மேசையில். நான் குசினிக் கதவோரம் தட்டுத் துடைத்துக்கொண்டு நின்றேன். என் மனுசன் அன்று காலையிலிருந்து ஓடித் திரிந்தார். புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய். மீன் சாப்பாடு முடிந்ததும் பத்ரோனே கண் காட்டினார். என் மனுசன் மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸை விலக்கி, அடியிலிருந்து போத்தலை எடுத்தார். போத்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பனி.

“என்ன இது?” என்றேன் அடிக்குரலில்.

“விடியவே தாட்டு வைச்சிட்டன். பெரியவர் வெயிலுக்குள்ளாலை வாறவர், நல்லாக் குளிரட்டும் எண்டு.” முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் சொல்ல முன்னம் கொண்டுபோய்விட்டார். ஐஸ் குளிரில் மணம் எழும்பாது. மணம் இல்லாமல் குடித்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். தமையனார் நிறத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், ஒரு பெரிய மிடறு குடித்தார், முகத்தைச் சுளித்தார்.

“மருந்து,” என்றார். “இருமலுக்கு நல்லது. இதைக் குடிக்கவோ சனம் மாரியிலை மொண்டெல்லோவுக்கு வரும்?”

பத்ரோனே தன் கிளாசைப் பார்த்தார், அவருக்கு என்ன பிழை என்று விளங்கவில்லை. என் மனுசனின் கையில் போத்தல் அப்படியே நின்றது. தமையனார் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, கைதுடைக்கிற துணியை எடுத்தார். அவர் எழும்பினால் கதை முடிந்தது. மார்கழியும் முடிந்தது.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. மேசைக்குப் போய், தமையனாருக்கு முன்னால் இருந்த கிளாசைத் தூக்கி, என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திப் பிடித்தேன்.

“கனக்கக் குளிர்,” என்றேன். “கொஞ்சம் பொறுங்கோ.”

“இஞ்சாரும், விசரே உமக்கு?” என்று பின்னாலிருந்து என் மனுசன் தமிழில் சீறினார்.

தமையனார் தம்பியைப் பார்த்தார். “என்ன, சூப்போ? சூடாக்கியோ குடிக்கிறது?”

சிஞ்ஞோரா மீன்முள்ளைப் பொறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னா: “ஏழு வயசுவரைக்கும் நீ பால் சூடில்லாட்டி வாயிலை வைக்கமாட்டாய். நான் கையிலை பொத்திப் பிடிச்சுத்தான் தந்தனான். பேசாமல் இரு.”

அவர் மனைவி சிரித்துவிட்டா. அவரும் எழும்பாமல் இருந்தார். நான் கிளாசைப் பொத்திக்கொண்டு அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு பேருக்கு முன்னால் நடுவில் நின்றது என் கலியாணத்தன்றுதான். அன்றும் நிலத்தைத்தான் பார்த்தேன். இன்று கிளாசைப் பார்த்தேன். பனி உருகி விரல் இடுக்கால் வழிந்தது. கண்ணாடி கையின் சூட்டுக்கு வந்ததும், மூக்கை வைக்காமலே எனக்கு மணம் வந்தது.

“இப்ப,” என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “முதல் நீ குடி. செய்தவள் குடிக்காததை நான் ஏன் குடிக்கவேணும்?”

பத்ரோனே, “அண்ணை, அவ குடிக்கிறதில்லை,” என்று தொடங்கினார். நான் என் உள்ளங்கையைக் குழித்து, அதில் கொஞ்சம் ஊற்றி, அவர்களுக்கு முன்னாலேயே நக்கினேன். துப்புகிறதுக்குத் தொட்டி அங்கே இல்லை. விழுங்கினேன். தொண்டையால் சூடாக இறங்கியது. பழுதில்லை.

தமையனார் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கிளாசை வாங்கினார். குடிக்க முன்னம் மூக்கு அதற்குள் போய்விட்டது. அங்கேயே நின்றது. பிறகு ஒரு சின்ன மிடறு, பிறகு இன்னொன்று. வெளியே யாரோ கதிரைகளை இழுத்து அடுக்குகிற சத்தம்.

“தோடம்பழம் போட்டனீங்களோ?”

“இல்லை,” என்றார் பத்ரோனே. “பூ மட்டும்தான்.”

அவர் கிளாசை வெறுமையாக்கி, மேசையில் வைத்து, என் மனுசனைப் பார்த்தார். “அந்த ஐஸுக்கை கிடக்கிறதை எல்லாம் வெளியிலை எடுத்து வை.” அதற்குப் பிறகு தம்பியிடம், “மாசியிலை வாற கார்னிவல் திருவிழா வரைக்கும் திறந்து பார். நட்டமெண்டால் பிறகு என்னட்டை வரக்கூடாது,” என்றார்.

குசினிக்குள் வந்ததும் என் மனுசன் போத்தல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தார். “விசர் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார்.

“தமிழிலைதானே சொன்னியள். அவையளுக்கு விளங்கியிராது.”

பின்னறை ஐப்பசியில் திறந்தது. ஒப்பந்தம் எழுதினார்கள். வடக்கே காய்ச்சுகிறவரோடு பத்ரோனே தொலைபேசியில் கதைக்கும்போது நான் பக்கத்தில் நின்று, பார்லியை எந்த மணத்தில் இறக்கவேண்டும், பூவை எப்போது போடவேண்டும், மூடியை எவ்வளவு நேரம் திறக்கக்கூடாது என்று சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பக்கத்துக்குச் சொன்னார். மூடி விஷயத்தை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

புதுப் பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்த அன்று என் மனுசன் நேரே கடைக்குப் போய், வடக்கிலிருந்து வந்த போத்தல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்று பேருடைய பத்திரத்தையும் மாதா படத்துக்கு முன்னால் வைத்தோம். மகள் எடுத்து மூன்று பேருடைய பெயரையும் சத்தமாக வாசித்தாள். அவர் போத்தலைத் திறந்து, இரண்டு கிளாஸ் வைத்து இரண்டிலும் ஊற்றினார்.

“இண்டைக்கு நீரும் ஒரு கிளாஸ் குடியும். ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

நான் கிளாசை அவர் பக்கம் தள்ளிவிட்டு உள்ளங்கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு கொஞ்சம் விட்டார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், நாக்கில் தொட்டேன், அண்ணத்தில் ஒட்டவிட்டேன்.

“எப்பிடி?” என்றார்.

“அடுப்பை நூர்த்தாப் பிறகு போடுற பூவைக் குறைச்சுப்போட்டாங்கள்,” என்றேன். “நாளைக்குப் பத்ரோனேயிட்டைச் சொல்லுங்கோ. இல்லை, விடுங்கோ, நானே சொல்லுறன்.”